அஞ்சலையின் காதில் பேசியவன்

குமணன்சாவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு ஒரு கண் ரோட்டில், ஒரு கண் கண்ணாடியில். பின்சீட்டில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தனக்குள் சிரிக்கிறவர்களைப் பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். அவர்களில் ஒருவர்கூடப் பெற்ற தாயிடம் பேசி அப்படிச் சிரித்ததில்லை. அதனால்தான் என் மனைவி அஞ்சலை பஸ் ஸ்டாப்பில் ஒற்றைக் காதில் ஒயரோடு உதட்டை அசைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டு நின்றபோது ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு உற்றுப் பார்த்தேன்.

என்னைத் தப்பாக நினைக்காதீர்கள். நான் கண்டதற்கெல்லாம் சந்தேகப்படுகிறவன் இல்லை. தண்ணி கேன் வந்தால் மூடியைத் திருகி மோந்து பார்த்துவிட்டு உள்ளே வைப்பேன், அவ்வளவுதான்.

அஞ்சலை பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளையில் வளர்ந்தவள். ஆறு வயதிலேயே கல்லைத் திருப்பிப் போட நின்றுவிட்டாள். அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. பஸ் நம்பர் தெரியும், தன் பெயரைக் கோலம் போடுவதுபோல வரைவாள். அதற்கு மேல் ஓர் எழுத்து தெரியாது. இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே சபைக்குப் போகிறவள். நான் வாசல்வரை கொண்டுபோய் விடுவேன், உள்ளே போகமாட்டேன்.

தினமும் இரவு ஏழு மணிக்கு, ஞானஸ்நானத்தன்று சபையில் கொடுத்த பைபிளை மடியில் விரித்து உட்காருவாள். மூன்றாவது படிக்கும் வர்ஷாவும் யூ.கே.ஜி. படிக்கும் நிஷாவும் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்வார்கள். விரலை வரிமேல் ஓட்டி ஓட்டி வாசிப்பாள். ஆமாம், வாசிப்பாள்! பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம். அந்தப் பொடி எழுத்துத் தமிழை எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியும் என்றே நம்பியிருந்தார்கள். நானும் அதைப்பற்றி மூச்சு விடவில்லை.

ஆனால் மனதைக் குடைந்தது. முன்பெல்லாம் அவளுக்குத் தெரிந்தது நோவா கப்பல் கட்டிய கதை ஒன்றுதான். இப்போது தினம் ஒரு கதை. அண்ணன்மார் விற்றுவிட்ட யோசேப்பை எகிப்துக்குக் கொண்டுபோன ஒட்டகங்களின் மேல் என்ன சரக்கு இருந்தது என்பதுவரை சொல்கிறாள். சபையில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம்தான். மீதி ஆறு நாள் இவளுக்குச் சொல்லிக்கொடுப்பது யார்? ஒயர், உதடு, சிரிப்பு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தேன். எவனோ ஒருத்தன் இருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

அந்த வியாழக்கிழமை கதையில், யோசேப்பை விலைக்கு வாங்கிய எஜமானின் மனைவி, தன் கையைப் பிடித்து இழுத்தான் என்று அவன்மேல் அபாண்டமாகப் பழி போட்டாள். எஜமான் அவனைப் பிடித்து ஜெயிலில் தள்ளினான்.

"அவன் ஒரு தப்பும் பண்ல. ஆனா எஜமான் இன்னா ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கல," என்று சொல்லிவிட்டு, உலை பொங்குகிறதே என்று அஞ்சலை எழுந்து போனாள்.

போன் பாயிலேயே கிடந்தது. ஒயரைக் காதில் வைத்துப் போனை அமுக்கினேன். ஆண் குரல். தேன் ஒழுகுகிற குரல். பயப்படாதே என்கிறான், நானும் உன்கூட வருவேன் என்கிறான்.

"யார்றி அவன்? எங்க கூட வர்றேன்றான்?" என்று கத்தினேன்.

கரண்டியோடு வந்து நின்றாள். "அது பைபிள்யா. சண்டே ஸ்கூல் எடுக்குற பானுப்பிரியாக்கா போன்ல ஏத்திக் குடுத்துச்சு. பஸ்ல கேட்டுகினே மனப்பாடம் பண்ணிகினு வந்து பசங்களுக்குச் சொல்றேன்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை.

"அப்ப மடியில எதுக்குடி புக்கு? எழுத்து தெரியாதவ எதுக்கு வெரல ஓட்டிகினு கீற?"

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதா?" என்று நிஷா கேட்டாள். வர்ஷா பைபிளையும் அம்மாவின் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். அஞ்சலை அடுப்பை அணைத்தாள். பைபிளை மூடி பீரோமேல் வைத்தாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் மறுநாள் அந்தக் குரலை இன்னும் நாலு இடத்தில் ஓடவிட்டுக் கேட்டு, பைபிள்தான் என்று உறுதி செய்துகொண்டேன். புத்தி அப்படி.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே போனையும் ஒயரையும் என் முன்னால் வைக்கிறாள். "பாத்துக்க," என்கிறாள். ஏழு மணி வருகிறது, போகிறது. பிள்ளைகள் டிவி பார்க்கிறார்கள்.

பத்து நாள் பொறுத்தேன். கடைசியில் நானே பைபிளை இறக்கி, தூசு தட்டி அவள் மடியில் வைத்தேன். வர்ஷா டிவியை அணைத்தாள்.

"அந்த யோசேப்பு இன்னாம்மே ஆனான்?" என்று கேட்டேன்.

அஞ்சலை என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னும் ஜெயில்லதான் கீறான்."

"எப்ப வெளிய வுடுவாங்க?"

"உள்ள தள்ளினவனத்தான் கேக்கணும்."

பிள்ளைகள் இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.