ஆடிக் காற்றில் மன்னார்ப் பாலம்

ஆடி மாதத்தில் மோட்டார் சைக்கிளில் மன்னாருக்குப் போக வேண்டாம் என்று சொல்லாத ஆளில்லை. எனக்கு வவுனியாவில் உதிரிப்பாகக் கடை. ஞாயிறு மட்டுந்தான் பூட்டு. காற்று விழட்டும் என்று காத்திருந்தால் நான்தான் விழுந்துவிடுவேன். ஆகவே போன ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஐந்து பேர் புறப்பட்டோம். எங்கள் கோஷ்டிக்கு ஒரே சட்டம்: ஐம்பதுக்கு மேல் முறுக்கக் கூடாது. அவசரக்காரர் வேறு கூட்டம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மன்னார் ஏறக்குறைய எண்பது கிலோமீற்றர். வழிநெடுக மீளக் குடியேறியவர்களின் தகரக் கொட்டில்களும், பாதி எழும்பிய கல்வீடுகளும், விதைக்காத வயல்களும். ஏழரைக்குத் திருக்கேதீஸ்வரம். பாலாவித் தீர்த்தத்தில் கால் கழுவிக் கும்பிட்டுவிட்டு வந்தபோது, கோவில் வாசலில் ஸ்கூட்டரோடு நின்றாள் கலா. எங்கள் ஐவரில் ஒருவனான ஜெகனின் தங்கை.

கலாவின் குடும்பம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து மாந்தைப் பக்கம் திரும்பி இரண்டு வருடமாகிறது. குளம் வற்றியதால் இந்தப் போகம் விதைப்பு இல்லை. நல்ல காலம், மன்னார் பட்டினத்தில் ஒரு மருந்துக் கடையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். பஸ்ஸை நம்பினால் பத்து மணிக்கும் நிற்க முடியாது. ஸ்கூட்டர் ஓடப் பழகிவிட்டாள். தீவுக்குப் போகிற அந்த மூன்று கிலோமீற்றர்ப் பாலப் பாதைதான் பிரச்சினை.

"போன கிழமை வந்து பாத்தனான் அண்ணை. பாதியிலை திரும்பீட்டன்," என்றாள் என்னிடம். "இண்டைக்கும் ஏலாதெண்டால் கடைக்காரருக்கு வரேல்லை எண்டு சொல்லிப்போடோணும்."

"நாங்கள் ஐஞ்சு பேர் வாறம், காத்து உம்மை என்ன செய்யும்?" என்று நான் பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன்.

சோதனைச்சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விட்டார்கள். இருபுறமும் கடல். போகும்போது காற்று இடப்பக்கத்தால் அடிக்கிறது. ஜெகன் நல்ல பருமன். அவனைக் கலாவுக்கு இடப்பக்கம் ஓட விட்டால் சுவர் மாதிரிக் காற்றை மறைப்பான் என்பது எங்கள் மூளை. பாதிவரை நன்றாகத்தான் போனது. பிறகு ஜெகன் கொஞ்சம் முன்னுக்குப் போய்விட்டான். மறைப்பு விலகியதும் காற்று அவளை ஒரே தள்ளாய்த் தள்ளி, ஸ்கூட்டரை நடுக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனது. எதிரே பஸ்.

பஸ் கிரீச்சிட்டு நின்றது. கலாவும் இரண்டு காலையும் ஊன்றி நின்றுவிட்டாள். சாரதி தலையை வெளியே நீட்டி, "ஏன் பிள்ளை உமக்கு இந்த வேலை? ஆரின்ரையும் பின்னாலை இருந்து போமன்," என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் பிரேக் போட்ட மனுசனை என்னவென்று ஏசுவது?

பட்டினத்தில் தேநீர்க் கடையில் ஜெகன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். "ஓடினது காணும். நாளைக்கு நீ போக வேண்டாம். நான் வவுனியாவிலை ஏதும் வேலை பாக்கிறன்." கலா தேநீரைத் தள்ளி வைத்தாள்.

பிறகு கலாவையும் கூட்டிக்கொண்டு தீவுக்குள்ளே போனோம். தாழ்வுபாட்டுப் பாதை அழகு. பனங்கூடல், கருவாட்டு மணம், நடுவீதியில் ஜனாதிபதிகள் மாதிரி நிற்கும் கழுதைகள். ஹோர்ன் அடித்துப் பயனில்லை, நீங்கள்தான் சுற்றிப் போக வேண்டும். தென்கடல் குமுறிக்கொண்டிருந்ததால் வள்ளங்களைக் கரையேற்றியிருந்தார்கள். ஓலைத்தொடுவாயில் ஒரு வீட்டில் சொல்லிவைத்து மீன் குழம்போடு சோறு, ஆளுக்கு இருநூறு ரூபாய். அப்படியொரு குழம்பை நான் கடையில் சாப்பிட்டதில்லை.

சாப்பிட்டபின் கலா கரையில் போய்க் காற்றுக்கு முகம் கொடுத்து நெடுநேரம் நின்றாள். திரும்பி வந்து ஜெகனுக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணா, காத்து ஒரே மாதிரி அடிச்சால் நான் சரிஞ்சு குடுத்து ஓடுவன். நீங்கள் மறைச்சுப்போட்டு விலகினதுதான் என்னைத் தூக்கினது. திரும்பிப் போகேக்கை ஒருத்தரும் பக்கத்திலை வராதேங்கோ. நான் அக்கரைக்குப் போகுமட்டும் இஞ்சாலையே நில்லுங்கோ."

"விழுந்தால்?"

"நாளைக்கு விழுந்தால் நீங்கள் நிப்பியளோ?"

ஜெகன் என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: தை, மாசி நல்ல காலம். ஆடியில்தான் போவேன் என்றால் பாலத்தைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். பின்னேரம் காற்று கூடும். மணல் கண்ணில் அடிக்கும், கண்ணாடி வேண்டும். பட்டினத்திலேயே பெற்றோல் அடித்துக்கொள்ளுங்கள். பாலத்தில் யாருக்கும் மறைப்பாக ஓடப்போய் எங்களைப்போல் புத்திகெட்ட வேலை செய்யாதீர்கள்.

திரும்பும்போது மூன்றரை. இப்போது காற்று வலப்பக்கத்தால், காலையைவிட மோசம். நாங்கள் பட்டினப்பக்கத்து முனையில் நிறுத்திவிட்டோம். கலா தாவணியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு தனியே புறப்பட்டாள். ஸ்கூட்டர் வலப்பக்கம் சரிந்தபடியே போனது. எதிரே ஒரு லொறி வந்து அவளை மறைத்தது. ஜெகன் என் கையைப் பிடித்த பிடியில் விரல் நொந்தது. லொறி கடந்தது. அவள் சரிந்தபடி போய்க்கொண்டிருந்தாள். சிறுத்துச் சிறுத்து, அக்கரை மரங்களுக்குள் மறையும்வரை நாங்கள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு ஜெகன் முகத்தைத் துடைத்தான். எனக்கும் கண் கலங்கியது, சொன்னால் என்ன.

நாங்கள் அக்கரை சேர்ந்தபோது அங்கே அவள் இல்லை. ஜெகன் பதறிப்போய்ப் போன் எடுத்தான்.

"நான் வீட்டை வந்திட்டன் அண்ணா," என்றாள். "வையுங்கோ, நாளைக்குக் கட்டுற சீலை இன்னும் தோய்க்கேல்லை."