உடைக்க அனுமதியில்லாத கதவு

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். என் கலியாணத்துக்கு உம்மா தன் வீட்டை எனக்கு எழுதித் தந்துவிட்டு, பின்வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்கினார். நானும் என் மகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும். பழைய வீட்டை இடித்து மாடி வைத்துக் கட்டினால் கீழே நாங்கள், மேலே அவள் என்று கணவரும் நானும் பேசி வைத்திருந்தோம்.

சுனாமிக்குப் பிறகு கல்முனைக் கரையில் அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர் வீடுகள் அதிகம் மிஞ்சவில்லை. எங்களுடையது மிஞ்சியது. ஊரின் பழைய இடங்களைக் காப்பாற்ற வேண்டுமென்று மாநகர சபையில் தீர்மானம் எடுத்தார்கள். ஒரு நாள் அதிகாரி ஒருவர் வந்தார். என்னைவிட இளையவர். தூண்களைத் தடவிப் பார்த்துவிட்டு, முன்சுவரில் 'பாதுகாக்கப்பட்ட கட்டடம்' என்று ஒரு பலகையை அடித்துவிட்டுப் போனார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிளேன்டித் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

பிறகு கடிதம் வந்தது. இடிக்கக்கூடாது, மாடி வைக்கக்கூடாது, கதவு ஜன்னலில் கை வைப்பதென்றாலும் எழுத்தில் அனுமதி வேண்டும். அனுமதி தருகிறவர்கள் கொழும்பில் இருந்தார்கள். எழுதினோம், பதில் இல்லை. மகளுக்கு வந்த நல்ல சம்பந்தம் ஒன்று, வீடு எப்போது கட்டி முடியும் என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு நின்று போனது. அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நடு அறைக் கதவு முதிரை மரம். மாரியில் ஊதி நிலையோடு இறுகிவிடும். இழைக்கக் கூப்பிட்ட தச்சர் முன்சுவர்ப் பலகையைப் பார்த்துவிட்டு, "இதுல கை வெச்சா எனக்குக் கரைச்சல்" என்று திரும்பிப் போனார். கூரை ஒழுக்குக்குக் கூப்பிட்ட மேசனும் அதையே சொன்னார்.

ஒரு மழைநாள் பகல். கணவர் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். மகள் தான் படிப்பிக்கும் பாடசாலையில். ஒழுக்குக்குச் சட்டி வைக்க நடு அறைக்குள் போனேன். காற்றில் கதவு அறைந்து மூடியது. இழுத்தேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. ஜன்னலில் மரக்கம்பிகள். கத்திப் பார்த்தேன், மழைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? மேற்சுவரிலிருந்து காரை பெயர்ந்து விழத் தொடங்கியபோது கலிமா சொல்லிக்கொண்டு மூலையில் ஒடுங்கி நின்றேன்.

எவ்வளவு நேரமென்று தெரியாது. எங்கள் கடிதத்தை விசாரிக்க வந்த அந்த அதிகாரியின் குடை ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது.

"தம்பி, கதவு இறுகிட்டு. உடைச்சு விடுங்க."

அவர் வீட்டுக்குள் வந்து கதவைத் தள்ளிப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கே திரும்பி வந்தார்.

"அசையுதில்ல ராத்தா. உடைக்கிற எண்டா நான் மேல கேக்கணும்."

போனை எடுத்தார். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. போகாமல் மழையிலேயே நின்றார்.

"எங்கட உம்மாட வூட்டுல ஒரு நிலைகூட மிஞ்சல்ல ராத்தா. கடல் எல்லாத்தையும் கொண்டு பெய்த்து. அதுதான் இதையெல்லாம் காப்பாத்தணும் எண்டு சபையில நான் நிண்டு கதைச்ச."

"அதுக்கு நான் இதுக்குள்ள கிடந்து மௌத்தாகணுமா?"

அவர் மறுபடியும் போனை எடுத்தார்.

கணவர் வந்துவிட்டார். "பயப்புடாதகா, தள்ளி நில்லு" என்று அவர் குரலும், பிறகு கோடாலிச் சத்தமும் கேட்டன. நாலு கொத்துக்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சுக்கு மருந்து குடிக்கிறவர். "தாங்க காக்கா" என்று அண்ணனிடம் கேட்பதுபோல் கேட்டது அதிகாரியின் குரல். அதற்குப் பிறகு விழுந்த கொத்துகள் பலமாக இருந்தன. பலகை பிளந்த இடத்தால் அந்தத் தம்பியின் நனைந்த முகம் முதலில் தெரிந்தது.

கதவை உடைத்தது தான்தான் என்று அவரே அறிக்கை எழுதினார். அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர், அதே மரத்தில், அதே செதுக்கலோடு கதவு போடச் சொல்லிக் கடிதம் அனுப்பினார். அதற்கும் அனுமதி எடுக்க வேண்டுமாம்.

போன வருடம் மகளுக்கு நிக்காஹ் முடிந்தது. ஊர் வழக்கத்துக்கு மாறாக அவள்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள். அழவில்லை. "நீங்களும் வாங்க உம்மா" என்று இப்போதும் கூப்பிடுகிறாள். சம்பந்தி வீட்டில் போய் எப்படி இருப்பது? இந்த வீட்டை வாங்கவும் ஆளில்லை. மழை இருட்டினால் நாங்கள் இருவரும் முன்மண்டபத்துக்கு வந்து, வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.