சிரிப்பக்காவின் இஸ்திரிப்பெட்டி

"இது நான் சிரிச்சதே இல்ல. ஒட்டினது" என்கிறார் சிரிப்பக்கா, சட்டைக் கையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

சலவைக் கடையின் மூலையில், துணி மூட்டைகளுக்கு மேலே மாட்டியிருக்கும் டிவியில் பழைய பல்சுவை நிகழ்ச்சி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டம் போட்ட கால்சட்டைக்காரர் ஒருவர் மடியில் பொம்மையை உட்கார வைத்து அதனுடன் சண்டை போடுகிறார். பொம்மை ஏதோ எதிர்த்துப் பேசுகிறது. அரங்கம் அதிர்கிறது. அத்தனை சத்தத்துக்கும் மேலே ஒரு பெண்ணின் சிரிப்பு தனியாகக் கிளம்பி, விக்கி, மூச்சு நின்றுவிட்டதோ என்று நாம் பயப்படும்போது மறுபடி வெடித்து, "அம்மாடி" என்று முடிகிறது. அக்காவின் சிரிப்புதான் அது, சந்தேகமே இல்லை. ஆனால் அக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இஸ்திரிப்பெட்டி அது பாட்டுக்குக் காலர் பக்கம் போய்விட்டது.

"அன்னிக்கு எனக்குப் பல்வலி. வேலைக்கே போகல. இந்தப் பொம்மைக்கு நான் எங்க சிரிச்சேன்?"

ரசீது கிழித்துக்கொண்டிருந்த மருமகள் விடுவதாயில்லை. "ஒட்டினா என்ன அத்தே? சிரிப்பு உங்களுதுதானே?"

"சிரிப்பு என்னோடதுதான். இந்தப் பொம்மைக்குக் குடுக்கல, அவ்வளவுதான்."

அக்காவிடம் இதில் மட்டும் விட்டுக்கொடுக்கும் பேச்சே கிடையாது. உப்புக் குறைந்த சாப்பாட்டைப் பேசாமல் சாப்பிடுவார். பேருந்தில் காலை மிதித்தவரிடம் தானே மன்னிப்புக் கேட்பார். சிரிப்பில் மட்டும் கறார். வராத சிரிப்பை வரவழைக்க அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. புகைப்படக்காரர் "கொஞ்சம் சிரிங்க" என்று கெஞ்சியும், கல்யாணப் படத்தில் அக்கா பரீட்சைக்கு வந்தவர் மாதிரிதான் நிற்கிறார்.

இளவயதில் அவர் தொலைக்காட்சி நிலையத்தின் உடையறையில் துணி தேய்த்தார். மேடைக்குப் பக்கத்திலேயே அந்த அறை. சனிக்கிழமை மாலை நிகழ்ச்சியில் பாட்டு, மாயாஜாலம், குரைத்துக் கணக்குப் போடும் நாய் என்று எல்லாம் உண்டு. நடுநடுவே, பிரபலங்களை நாற்காலியில் உட்கார வைத்து ஏடாகூடமாகக் கேள்வி கேட்பவர் கோட்டண்ணன். வெங்காயத் தோல் நிறத்தில் ஒரே கோட்டைத்தான் வாராவாரம் போடுவார். அதனால் வந்த பெயர் அது. அவர் வாயைத் திறந்தால் உடையறையிலிருந்து அக்காவின் சிரிப்பு கதவு வழியே கிளம்பி ஒலிவாங்கிக்குள் புகுந்துவிடும். ஒலிப்பதிவாளர் ஓடி வந்து, "கதவைச் சாத்தும்மா, மானம் போகுது!" என்று கத்தினார். பார்த்த சனம் எல்லாம் 'யார் அந்தப் பொண்ணு?' என்று விசாரிக்க ஆரம்பித்ததும், அதே மனிதர் அதே கதவு மூடாமலிருக்கச் செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்தார்.

பிறகு அந்தச் சிரிப்பைத் தனியாக வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார்கள். எந்த நிகழ்ச்சி படுத்துவிட்டாலும் அதை எடுத்து ஒட்டுவது வழக்கமாயிற்று. ரோஜாச் செடிக்கு உரம் போடுவதைப் பற்றிய நிகழ்ச்சியில்கூடக் கைதவறி ஒட்டிவிட்டார்கள். அக்காவுக்கு இதனால் வந்த வினைகளும் கொஞ்சமல்ல. பெரியப்பா செத்த வீட்டில் எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து வீட்டு டிவி அந்தச் சிரிப்பை உச்சஸ்தாயியில் விட்டது. மொத்தச் சொந்தமும் அக்காவைத் திரும்பி முறைத்தது. வாயில் துண்டை அடைத்துக்கொண்டு, "ஐயோ, நான் இல்ல, டிவி!" என்று அவர் கையை ஆட்டியதை ஒரு சித்தி இன்றுவரை நம்பவில்லை.

கோட்டண்ணன் மட்டும் அந்த ஒட்டுச் சிரிப்பை ஏற்றுக்கொண்டதே கிடையாது. நிகழ்ச்சிக்கு முன்னால் கோட்டை எடுத்துக்கொண்டு உடையறை வாசலுக்கு வருவார். அக்கா தேய்க்கத் தேய்க்க, நின்றபடியே அன்றைய ஜோக்குகளை எடுத்து விடுவார். இஸ்திரிப்பெட்டி ஓடிக்கொண்டே இருந்தால் அந்த ஜோக்குக்கு அன்றோடு முழுக்கு. அக்காவின் கை பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டால், அது மேடை ஏறும். இருவருக்கும் நடுவே இதைத் தவிரப் பெரிய பேச்சுவார்த்தை இருந்ததில்லை. அவர் "தங்கச்சி" என்பார், இவர் "அண்ணே" என்பார். அவ்வளவே.

நிகழ்ச்சி நின்றது. ஆளுக்கொரு திசை ஆனார்கள். அக்கா கடை போட்டார், மகனுக்குக் கல்யாணம் செய்தார், முட்டி வலிக்குத் தைலம் மாற்றினார். போன மாதம் ஒரு நாள் கடை வாசலில் வெங்காயத் தோல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. கோட்டுக்குள் கோட்டண்ணன், பாதி உடம்பாக இளைத்து நின்றுகொண்டிருந்தார்.

"தங்கச்சி, பழைய ஆளுங்கள எல்லாம் கூப்பிட்டு ஒரு சிறப்பு நிகழ்ச்சி வைக்கிறாங்க. பாட்டு, ஆட்டம், எல்லாம் உண்டு. நடுவுல எனக்குக் கொஞ்ச நேரம் குடுத்திருக்காங்க. நேரடி ஒளிபரப்பு."

"சந்தோஷம்ண்ணே!"

"என்ன சந்தோஷம்? யாரும் சிரிக்கலன்னா உன் பழைய சிரிப்ப ஒட்டிக்கலாம்னு சொல்றானுங்க. அந்த நிலைமை வந்தா நான் அதோட வாயை மூடிக்கிறேன். ஒரே ஒரு ஜோக்கு போதும். நீ பெட்டியை நிறுத்தணும்."

அன்றிலிருந்து நாள்தோறும் வந்தார். துணி வைக்கும் முக்காலியில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, ஆரம்பிப்பார். மருத்துவர் ஜோக், மாமியார் ஜோக், மறதிக்கார வாத்தியார் ஜோக். மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். துணி வாங்க வந்தவர்கள் போக மனமில்லாமல் நின்றார்கள். இஸ்திரிப்பெட்டி மட்டும் போர்வை, தலையணை உறை, பள்ளிச் சீருடை என்று போய்க்கொண்டே இருந்தது. அண்ணன் கண்ணெல்லாம் அந்தப் பெட்டியின் மேல்தான். ஒவ்வொரு தடவையும் அது திரும்பி ஓடும்போது அவர் முகம் கொஞ்சம் சிறுத்துப் போகும்.

அக்காவுக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. "மனுஷன் இப்படி அல்லாடுறாரு. சும்மா ஒரு தடவ நிறுத்திட்டா என்ன?" என்று மருமகளிடமே கேட்டார்.

"நிறுத்துங்களேன் அத்தே. அவருக்கு என்ன தெரியப் போகுது?"

"அவருக்குத் தெரியும்டீ. அவருக்குத்தான் தெரியும்" என்றார் அக்கா.

நிகழ்ச்சி நாளும் வந்தது. நிலையத்துக் கார் கடை வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. கோட்டைக் கடைசியாக ஒரு தடவை தேய்க்கக் கொடுத்துவிட்டு, சட்டையோடு முக்காலியில் சோர்ந்து உட்கார்ந்திருந்தார் அண்ணன். அன்று ஜோக் எதுவும் சொல்லவில்லை. நம்பிக்கையையே விட்டுவிட்டார். மேலே விரித்திருந்த ஈரத் துணியை எடுத்துவிட்டு, கோட்டின் முதுகில் அக்கா கடைசி இழுப்பு இழுத்துக்கொண்டிருந்தார்.

"என் பையன் புதுசா ஒரு டிவி வாங்கி மாட்டியிருக்கான்" என்று அண்ணன் அலுத்துக்கொண்டார். "ரிமோட்டே வேணாம்ப்பா, வாயால சொன்னாப் போதும், அதுவே கேட்டுக்கும்ங்கிறான். காலைல அது முன்னால உக்காந்து, பழைய சேனல் போடுன்னு சொன்னேன். 'மன்னிக்கவும், நீங்கள் சொன்னது புரியவில்லை'ங்குது. என் வாழ்நாள் பூரா அந்தப் பெட்டிக்குள்ள உக்காந்து பேசியிருக்கேன் தங்கச்சி! ஒரு வார்த்தை புரியலன்னுடுச்சு! சத்தமா சொன்னேன். நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். மேடைல சொல்ற மாதிரி கையெல்லாம் ஆட்டிச் சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, குழந்தைங்களுக்குப் பேசக் கத்துக்குடுக்கற நிகழ்ச்சியைப் போட்டுடுச்சு."

அக்கா விக்கினார். மூச்சு நின்றது. பிறகு வெடித்த வெடியில் காரோட்டி ஹாரனை விட்டுவிட்டு இறங்கி ஓடி வந்தார். அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, "அம்மாடி... அம்மாடி..." என்று மடங்கிப் போனார். மருமகள்தான் முதலில் மூக்கை உறிஞ்சினாள். "அத்தே, கருகற வாசனை வருது!"

நிமிர்த்தி வைக்க மறந்த பெட்டி, கோட்டின் முதுகில் அப்படியே உட்கார்ந்திருந்தது. எடுத்தபோது நடு முதுகில், படகு மாதிரி, பழுப்பாக ஒரு தடம்.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஐயோ அண்ணே! என் கைல ஒரு கைக்குட்டைகூடக் கருகினதில்லையே! உங்க கோட்டையா நான்..."

அண்ணன் எழுந்து வந்து கோட்டைக் கையில் எடுத்தார். தடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப, பெட்டி நின்னுச்சா?"

"என்னண்ணே?"

"நான் சொன்னதுக்குப் பெட்டி நின்னுச்சா, இல்லியா?"

"நின்னதாலதானேண்ணே கருகியே போச்சு!"

அண்ணனின் முகம் கல்யாண வீட்டு விளக்கு மாதிரி ஆனது. கோட்டை உதறிப் போட்டுக்கொண்டார். "மாத்துக் கோட்டு தர்றோம்" என்ற காரோட்டியை ஒரு பார்வை பார்த்தார். அக்காவையும் இழுத்துக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

அரங்கில் அக்காவுக்கு முன்வரிசை. உடையறைக் கதவு வழியாகவே பார்த்துப் பழகியவருக்கு, நேரெதிரே மேடை தெரிவது கூச்சமாக இருந்தது. முடியெல்லாம் வெளுத்துப்போன பாடகர்கள் பாடினார்கள். அண்ணன் வந்தார். எடுத்த எடுப்பில் பதற்றத்தில் அந்த வாத்தியார் ஜோக்கையே சொல்லித் தொலைத்தார். கூட்டம் மரியாதைக்குச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அண்ணன் அவரைப் பார்த்தார், தலையாட்டினார், முதுகைத் திரைப் பக்கமே வைத்துக்கொண்டு டிவி கதையை ஆரம்பித்தார். அவசரமே படவில்லை. 'நீங்கள் சொன்னது புரியவில்லை' என்ற இடத்திலேயே கூட்டம் சரிந்துவிட்டது. முடித்ததும், மெதுவாகத் திரும்பி முதுகைக் காட்டினார்.

"இந்தக் கதைக்கு முதல்ல சிரிச்சவங்க வச்ச முத்திரை இது."

விக்கல் முன்வரிசையிலிருந்து வந்தது. பிறகு அந்த இடைவெளி. பிறகு வெடி. வயதாகித் தடித்த குரல்தான், கடைசி "அம்மாடி"யில் இருமலும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் அரங்கத்துக்கு ஆள் தெரிந்துவிட்டது. பின்வரிசைகள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தன. இத்தனை காலம் காதால் மட்டும் தெரிந்துவைத்திருந்த முகத்தை அவர்கள் பார்த்துக் கைதட்ட, அக்கா முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு சிரித்து முடித்தார்.

இப்போது அண்ணனை மாதாமாதம் வரச் சொல்லியிருக்கிறது நிலையம். தடத்தின் மேல் ஒரு துணியை வைத்துத் தைத்துத் தருவதாக மருமகள் சொன்னாள். "கை வச்சே, கெட்ட கோபம் வரும்" என்றுவிட்டார் அண்ணன். போன நிகழ்ச்சியை மறுபடி போட்டபோது டிவியில் அந்தச் சிரிப்பு வந்தது. மருமகள் வேண்டுமென்றே, "ஒட்டினதா அத்தே?" என்று கேட்டாள். அக்கா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

இன்றும் அண்ணன் வந்திருக்கிறார். கோட்டு மேசையில் விரிந்து கிடக்கிறது. பெட்டி நன்றாகச் சூடேறிவிட்டது. முக்காலியில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, "தங்கச்சி, புதுசா ஒண்ணு" என்கிறார்.

"ஒரு நிமிஷம்ண்ணே" என்று அக்கா இஸ்திரிப்பெட்டியை எடுத்து, கோட்டை விட்டுத் தள்ளி நிமிர்த்தி வைத்துவிட்டு, "ம், சொல்லுங்க" என்கிறார்.