ஐந்து பழைய முகவரிகள்

எலவனாசூர்கோட்டையில் நான்சிக்கு என்ன வேலை என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கள்ளக்குறிச்சியில் புள்ளியியல் படித்தவள், டீச்சர் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறாள் என்று உறவுக்காரர்களுக்கு ஒரே குறை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் அவளைப் படிக்கவைத்த அம்மா மார்கரெட் மட்டும், "அவ செய்றது அவளுக்குத் தெரியும்" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அவள் சென்னையிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனத்துக்காக பிட்காயின் என்ற இணையக் காசின் தடங்களைப் படித்துவந்தாள். ஒரு காசு எங்கிருந்து எங்கே போனாலும் அது பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். ஆள் பெயர் இருக்காது, முகவரி எண் மட்டும் இருக்கும். நாலு வருடம் அதிலேயே கிடந்து அவள் கண்டது இதுதான்: விலை சரியும்போது அலறியடித்து விற்பவர்கள் பெரும்பாலும் நேற்று வந்தவர்கள். வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் அப்போது அசைவதில்லை. விலை உச்சிக்கு ஏறும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக விற்கிறார்கள்.

போன ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பராமரிப்புக்காக ஊரில் கரண்ட் இல்லை. அன்று பார்த்து, பன்னிரண்டு வருடம் தூங்கிய ஐந்து முகவரிகளிலிருந்து மலைபோல் காசு கிளம்பியது. பழைய ஆட்கள் விற்கிறார்கள் என்று உலகமே பதறியது. விலை மடமடவென்று இறங்கியது.

நான்சி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு உளுந்தூர்பேட்டைக்குப் பறந்தாள். பைபாஸ் ஓட்டல் ஒன்றில், லாரி டிரைவர்கள் பரோட்டா சாப்பிடும் மேசையோரம் சார்ஜரைச் செருகி உட்கார்ந்தாள். மேலாளர் கலையரசன் போனில் வந்தார்.

"இன்னா பண்ணிக்கினு இருக்க நான்சி? எல்லாரும் அறிக்கை போட்டுட்டாங்க. வித்துட்டாங்கன்னு நாமளும் போட்ரலாம்."

"அர மணி நேரம் குடுங்க சார்."

ஒவ்வொரு தடமாகப் பின்தொடர்ந்தாள். ஐந்திலும் முதலில் துளியளவு போயிருந்தது; அது சேர்ந்ததைப் பார்த்துவிட்டு மிச்சம் முழுவதும் அதே இடத்துக்குப் போயிருந்தது. எல்லாம் புத்தம்புது முகவரிகள். பிட்காயினை வாங்கி விற்கும் இணையச் சந்தை எதன் முகவரிக்கும் ஒரு காசுகூடப் போகவில்லை.

அவளே கூப்பிட்டாள். "சார், காசு எடம்தான் மாறியிருக்கு, வித்ததுக்கு அத்தாட்சியே இல்ல. விக்கிறவன் சந்தைக்குத்தான சார் கொண்டுபோவான்?"

"தப்பாயிட்டா?"

"எம் பேரப் போட்டே அனுப்புங்க சார்."

அனுப்பினார்கள். இரண்டு நாள் ஊரே சிரித்தது போலிருந்தது அவளுக்கு. மூன்றாம் நாள் அந்த முகவரிகளின் சொந்தக்காரரே வெளிப்பட்டார். பழைய முகவரிகளின் பூட்டு பாதுகாப்பில்லை என்று புதியதற்கு மாற்றினாராம், ஒன்றையும் விற்கவில்லையாம். விலை திரும்பி ஏறியது. பதறி எழுதியவர்கள் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டார்கள்.

கலையரசன் கூப்பிட்டபோது குரலே மாறியிருந்தது. "அடுத்த மாசத்துலேர்ந்து இந்தப் பிரிவு உன்னுதும்மா. ஆறு பேரு உன் கீழ வர்றாங்க. நீ ஊர்லேர்ந்தே பாரு."

சென்னையில் நடந்த கூட்டத்தில் இருநூறு பேர் முன்னால் நான்சி அந்த ஐந்து தடங்களையும் திரையில் காட்டி விளக்கினாள். முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து முதல் கைதட்டல் எழுந்தது. கிறிஸ்துமஸுக்கு எடுத்த புடவையில், மகளோடு வந்திருந்த மார்கரெட் எழுந்து நின்றிருந்தாள். அதற்குள் அரங்கமே எழுந்துவிட்டது.