ரப்பர் பையும் விளக்கெண்ணெயும்

கல்யாணமான இரண்டாம் வருடம் என் வீட்டுக்காரர் பீங்கான் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு ஓட்டுக் கொட்டகையில் பட்டறை போட்டார். அறுபதுகளின் கடைசி அது. பனியன் துணி பின்னும் மெஷினில் நூல் உரசாமல் ஓடுவதற்குப் பீங்கானில் சின்னதாக ஒரு கண் இருக்கும். உடுக்கை மாதிரி இடை சிறுத்து, நடுவில் துளையோடு, விரல் நுனி அளவு. அது தேய்ந்தாலோ உடைந்தாலோ வெளியூரிலிருந்து வேறு வரும்வரை மெஷின் சும்மா நிற்கும். அதை நம் ஊரிலேயே செய்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

முதலில் பீங்கான் மாவை இரும்பு அச்சில் அழுத்திப் பார்த்தார். மேலும் கீழும் மாவு இறுகியது. இடை மட்டும் பொதபொதவென்று இருந்தது. சூளையில் வைத்தால் அங்கேதான் விரிசல் விட்டது.

"எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அமுங்கோணும் அம்மிணி. கெணத்துல முங்குனா ஒடம்பு முச்சூடும் அமுக்குதில்ல, அப்பிடி" என்றார்.

பழைய தொழிற்சாலையில் அவர் அதைப் பார்த்திருந்தார். மாவை ரப்பர் பையில் நிரப்பி, வாயை இறுக்கிக் கட்டி, கனத்த இரும்புக் குடுவையில் எண்ணெய்க்குள் முக்கி, மூடியை முறுக்கிவிட்டுக் கைப் பம்பால் அழுத்துவது. பம்பும் குடுவையும் பஞ்சுப் பொதி கட்டும் பழைய பிரஸ் ஒன்றிலிருந்து கிடைத்தன. சரியான பைதான் கிடைக்கவில்லை.

பம்பு அடித்தது நான். பொம்பளை இரும்புத் தடியைப் பிடித்துத் தொங்குவதை எட்டிப் பார்க்கவே அக்கம்பக்கத்தில் சிலர் வந்து போனார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

தேர்த் திருவிழாவில் வாங்கிய பலூனில் மாவை நிரப்பினோம். உள்ளேயிருந்து வந்தது காய்ந்த பேரீச்சம்பழம் மாதிரி சுருக்கம் சுருக்கமாக இருந்தது. லாரி டியூபை ஒட்டித் தைத்துப் பார்த்தோம். அழுத்தத்தை விட்டதும் தடித்த ரப்பர் வெடுக்கென்று விரிந்து, பிஞ்சு இடையை ஒடித்துவிட்டது. சைக்கிள் டியூப் கொஞ்சம் ஒத்து வந்தது. ஆனால் நாலைந்து தடவை முக்கியதும் எண்ணெயில் ஊறி, உப்பி, கொழகொழத்துப் போனது.

ஒரு நாள் அவர் சூளைக்குப் பக்கத்தில் குந்தியபடி, "திரும்ப வேலைக்கே போயர்லாமா? மேனேஜர் சேத்துக்குவாரு" என்றார். அந்தத் தொழிற்சாலைக் குடியிருப்பில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த பகல்களுக்குத் திரும்ப என்னால் ஆகாது.

"டயர்க்கடை பாயையும் ஒருக்கா கேட்டுப் பாக்கலாமுங்க" என்றேன்.

பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறை வைத்திருந்தார் பாய். உப்பிய பையை நகத்தால் கீறி, மோந்து பார்த்தார்.

"இதுல என்ன எண்ணெய் ஊத்தறீங்க?"

"மெஷின் எண்ணெய்ங்க பாய்."

"அதுக்குத் தாங்கற ரப்பர் வேற. கோயமுத்தூர்ல கெடைக்கும்" என்றவர், மறு வாரமே வாங்கி வந்து கொடுத்தார். எண்ணெய் அதை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் விறைப்பாக இருந்ததால் இடையின் வளைவுக்குள் அது அமுங்கவே இல்லை. மறுபடி பாயிடம் போனோம்.

கடை முன்னால் ஒரு லாரிக்குப் பிரேக் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க பாய், அந்த ரப்பர் வாசரும் எண்ணெயிலதான கெடக்குது? அது ஊறலியே?"

"அந்த எண்ணெயில வெளக்கெண்ணெய் சேருதுங்களே, அது ரப்பரை ஊற வெக்காது" என்று சொன்ன பாய், சொல்லி முடித்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"வெளக்கெண்ணெயா? வெள்ளகோவில்ல எங்கம்மா ஊட்டுக்குப் பக்கத்துலயே ஆட்டறாங்க" என்றேன். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். ரப்பரை மாற்றி மாற்றிப் பார்த்தோமே தவிர, எண்ணெயை மாற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

குடுவையில் விளக்கெண்ணெயை ஊற்றினோம். பாய், ரப்பரை விறைப்பாக்கும் கரித்தூளைக் குறைத்து, மெத்தென்ற ரப்பரில் பைகள் வார்த்துக் கொடுத்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனம். சப்பாத்திக் கனத்தில் இருந்ததுதான் சரியாக வந்தது. அழுத்தத்தைத் திடீரென்று விடாமல் பம்பின் திருகைத் துளித்துளியாகத் திறக்க நான் பழகிக்கொண்டேன். ஒரு மத்தியானம் பையை உரித்தபோது, உள்ளே வெள்ளை வெளேரென்று முழுசாக ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரர் அதை வாங்கிப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார்.

சூளையிலும் அது தாங்கியது. தெரிந்தவர் கம்பெனியில் மெஷினில் மாட்டினார்கள். மூன்று பேரும் காலையிலிருந்து அங்கேயே நின்றோம். நூல் அறுந்தால் மெஷின் நிற்கும். அது நிற்கவே இல்லை. பாய் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு மேனேஜரைப் பற்றிய பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை. பட்டறை பல வருடம் ஓடியது. என் சேலையெல்லாம் விளக்கெண்ணெய் வாடை. எவ்வளவு துவைத்தாலும் போகாது. ராத்திரி சோற்றில் கை வைத்தபடியே எந்தப் பை எத்தனை நாள் தாங்கும் என்று நாங்கள் சண்டை பிடிப்போம். இன்று அவரும் இல்லை, பாயும் இல்லை. ரப்பரைப் பற்றிச் சண்டை பிடிக்க எனக்கு ஆளில்லாமல் போனதுதான் பெரிய குறையாக இருக்கிறது.