கறுப்பு வெள்ளைப் படம் கேட்டு வாங்கிய சொல்

போன வருடம் மாசி மாதம். பாலக்கோடு தக்காளி மண்டியில் காலை ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தபோது, ஏலம் விட்டுக்கொண்டிருந்த என் கணவர் பாதி வார்த்தையில் நின்றுவிட்டார். விலை ஏறட்டும் என்று வேண்டுமென்றே நிறுத்துகிறார் என நினைத்துச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். வாய் ஒரு பக்கம் கோணிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

அவருக்குக் குரல்தான் பிழைப்பு. வீட்டிலும் சும்மா இருக்க மாட்டார். பல் விளக்கும்போதுகூட ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். பக்கவாதம் என்றார்கள். தர்மபுரி மருத்துவமனையில் சேர்த்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாக அசைய ஆரம்பித்தன. பேச்சு மட்டும் வரவில்லை. “அது... அது...” என்பார். அதற்கு மேல் நகராது. மெதுவாகச் சொன்னால் நாம் சொல்வது அவருக்குப் புரியும். தான் சொல்ல நினைப்பதும் தெரியும். அதற்கான சொல்தான் கிடைக்காது.

அங்கே பேச்சுப் பயிற்சி தர ஒரு பெண் இருந்தார். நல்ல பொறுமைசாலி. முதல் நாளே ஒரு கட்டுப் பட அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் கேட்டார். மூன்றாவதோ நாலாவதோ தக்காளி வந்தது. ஆயுசு முழுக்கத் தக்காளி விற்ற மனிதர் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதற்குப் பிறகு எந்த அட்டையை நீட்டினாலும் இடது கையால் தட்டிவிட்டார்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள், காது கேட்காதவரிடம் பேசுவதுபோல அவர் முகத்துக்கு நேராகக் கத்தினார்கள். யார் வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். டிவி போட்டால் கையை ஆட்டி அணைக்கச் சொல்வார். சாப்பாடும் குறைந்தது. கை கால் சரியாகி என்ன, மனுஷன் இப்படியே உள்ளுக்குள் அடைந்துபோய்விடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

கைப்பயிற்சிக்குப் போகும் இடத்தில், எங்கள் வயதுக்காரர் ஒருவர் தோள்பட்டை வலிக்காக வருவார். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மாரண்டஅள்ளிப் பக்கம் சொந்த ஊர். என் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மழை, பஸ் என்று எதையாவது சாதாரணமாகச் சொல்வார். பதில் வராவிட்டாலும் முகம் மாறாது. ஒருநாள் என்னிடம் கேட்டார்.

“வூட்ல டிவி பாக்கறாருங்களா?”

“போட்டாலே கோவம் வந்துடுதுங்க.”

“இப்ப வர்றதெல்லாம் அந்த வேகத்துல ஓடுது, நமக்கே தலை சுத்துது. எங்கிட்ட பழைய இங்கிலீசுப் படமெல்லாம் இருக்குதுங்க. கறுப்பு வெள்ளை. எல்லாமே கொலை, திகிலுதான். நிதானமாப் போவும்.”

“எங்களுக்கு இங்கிலீசு தெரியாதுங்களே.”

“எனக்கு மட்டும் தெரிஞ்சா பாத்தேன்? கப்பல்ல வெங்காயம் உரிச்சவன் நானு. மூஞ்சியப் பாத்தாலே கதை தெரிஞ்சிடுமுங்க.”

நான் பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த முறை ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே அவருடைய டிவிடி பிளேயரும், அட்டைப் பெட்டியில் கொஞ்சம் டிவிடிகளும். இங்கிலாந்தில் கப்பல் நின்ற ஊரில், பழைய சாமான் கடையில் வாங்கியவையாம். அந்த நாட்டில் சினிமா பேச ஆரம்பித்த காலத்துப் படங்கள். எப்போது திருப்பித் தர வேண்டும் என்று கேட்டேன். “பாத்து முடிங்க மொதல்ல” என்று சொல்லிவிட்டுத் தோளைத் தடவிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, கைக்கு வந்த டிவிடியைப் போட்டேன். அவர் அணைக்கச் சொல்லவில்லை. ஒரு ஆலை முதலாளி செத்துக் கிடக்கிறார். எல்லாரும் மாரடைப்பு என்று நம்பிவிடுகிறார்கள். அங்கே டைப் அடிக்கும் சின்னப் பெண்ணுக்கு மட்டும் சந்தேகம். இதுவரைக்கும் முகங்களை வைத்தே புரிந்தது. பேச்சு ஒரு எழுத்தும் புரியவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. இவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. இத்தனை நாளில் முதல்முறையாக நாங்கள் இருவரும் ஒரே நிலையில் உட்கார்ந்திருந்தோம்.

“அந்தத் தாடிக்காரத் தோட்டக்காரன்தாங்க கொன்னிருக்கான்” என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஒல்லியான ஒரு டாக்டர் திரையில் வந்தபோது விரலை நீட்டினார். “போங்க, அந்தாளு எவ்ளோ சாதுவா இருக்காரு” என்றேன். திரும்பி என்னை முறைத்தார். முறைத்ததே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடைசிப் பக்கம் அந்தப் பெண் தனியாக ஆலை அலுவலகத்துக்குள் போய் மேசையைக் குடைகிறாள். பின்னணி இசைகூட இல்லை. மரப்படி கிறீச்சிடும் சத்தம் மட்டும். அவள் முதுகுக்குப் பின்னால் கதவு மெல்லத் திறக்கிறது. அவள் திரும்பவே இல்லை. என் கணவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கதவு! கதவு!”

மண்டியில் கேட்குமே, அதே குரல். பக்கத்து வீட்டு அக்கா கையில் கரண்டியோடு ஓடிவந்து, “என்னாச்சு, யாரு கத்துனது?” என்றார். நான் அழுதுகொண்டே என் கணவரைக் கைகாட்டினேன். அவரோ தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டிப்பிடிக்கப் போனபோது, திரையை மறைக்கிறேன் என்று என்னைத் தள்ளிவிட்டார்.

மறுநாள் காலையில் எழுந்ததும் வாசல் கதவைத் தொட்டு, “இது என்னாங்க, சொல்லுங்க” என்றேன். வாயைத் திறந்தார். நெற்றி வேர்த்தது. “அது... அது...” அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டார். நேற்று கேட்டது கனவோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பயிற்சி தரும் பெண்ணிடம் ஓடினேன். அவர் சிரித்தார். பதற்றத்தில் சொல் தானாக வெளியே வந்துவிடும், கேட்டு நின்றால் ஒளிந்துகொள்ளும், இது வழக்கம்தான் என்றார். “படத்த நல்ல எடத்துல நிறுத்திக் கேளுங்க. நீங்க எடுத்து மட்டும் குடுக்காதீங்க. எவ்ளோ நேரமானாலும் காத்திருங்க” என்றார்.

எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் திணறினால் என் வாய் முந்திக்கொள்ளும். உதவி என்று நினைத்துத்தான் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கு மத்தியானம் அதே படத்தை மறுபடியும் போட்டு, முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினேன்.

“யாருங்க கொன்னது?”

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது, நின்றது. அடுப்பில் வைத்த பால் பொங்கும் வாசனை வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“டா... டாக்... டாக்டரு.”

இன்னும் முடியவில்லை என்பதுபோல இடது கையை உயர்த்தினார்.

“நீ... தப்பு.”

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் கோணல் வாயோடு சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ முறை நீ சொன்னது தப்பு என்று சொல்லியிருக்கிறார். ஒருமுறைகூட நான் இப்படி மகிழ்ந்ததில்லை.

அப்புறம் தினமும் ஒரு படம். ஒன்றிரண்டு டிவிடிகள் கீறல் விழுந்து பாதியில் நின்றுவிடும். அவையே நல்ல பயிற்சியாக அமைந்தன, மிச்சக் கதையை அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சொல் இரண்டானது, இரண்டு வாக்கியமானது. சில நாள் ஒன்றுமே வராது. அன்றைக்கு வெறும் படம் பார்ப்போம். அட்டைகளையும் பிறகு அவரே கேட்டு வாங்கினார். தக்காளி என்று சொன்ன நாளில் பயிற்சி தரும் பெண்தான் அழுதார்.

கப்பல் சமையல்காரர் இப்போது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். கொலைகாரன் யார் என்று இருவருக்கும் ஒரே சண்டை. டிவிடிகளை இன்னும் திருப்பி வாங்கவில்லை.

என் கணவர் மறுபடியும் மண்டிக்குப் போகிறார். ஏலம் விடும் வேகம் இன்னும் வரவில்லை. தக்காளியைத் தரம் பிரித்துக் கொடுக்கிறார். போன வாரம் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன். ஒரு விவசாயி அவரிடம் ஏதோ கேட்டுவிட்டு நின்றார். இவர் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். அந்த விவசாயி அந்த ஆளின் கையைப் பிடித்து, “இருங்க, அவுரே சொல்லுவாரு” என்றார்.

நேசிக்கிறவர்களுக்காக ஓடி ஓடிச் செய்வதுதான் அன்பு என்று நினைத்திருந்த எனக்கு, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பதும் அன்புதான் என்று அந்தக் கறுப்பு வெள்ளை மத்தியானங்கள் புரியவைத்தன. இன்றைக்கும் அவர் ஒரு சொல்லுக்காகத் திணறும்போதெல்லாம், அது வந்துவிடும் என்ற நம்பிக்கையோடு நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.