கம்பி நிறுத்தாத பலகை

"அடிக்கற கைக்கு எப்பதான்டி வலிக்கும்?" என்று அக்கா உதட்டில் ரத்தம் கசிய, கையில் திருப்புளியோடு கேட்டாள். நான் பள்ளியை விட்டு நின்ற வருடம் அது. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் மாமாவின், அதாவது அக்கா புருஷனின், விளையாட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்திருப்பேன்.

அங்கே பழைய பின்பால் பெட்டிகள் இருந்தன. கண்ணாடிக்கு அடியில் சரிவான பலகை. அதில் உருளும் இரும்புக் குண்டை இரண்டு துடுப்புகளால் அடித்து மேலே அனுப்ப வேண்டும். உள்ளே கணினி கிடையாது. பலகையைத் தூக்கினால் செப்புக் கம்பி சுற்றிய காயில்கள், மின்சாரத்தை விட்டு விட்டு நிறுத்தும் ரிலேக்கள், குடல் மாதிரி ஒயர்கள். மாமா ஆடும்போது பெட்டியை இடுப்பால் இடிப்பார், காலால் உதைப்பார். உடைந்ததைச் சரிசெய்ய ஆள் கிடைக்காமல் அக்காவே இறங்கினாள்.

ஓடுகிற பெட்டியையும் ஓடாத பெட்டியையும் பக்கம் பக்கமாகத் திறந்துவைத்து ஒயர் ஒயராக ஒப்பிட்டாள். ரிலே முனைகளை உப்புத்தாளால் தேய்த்தாள். முனைகள் தேய்ந்து ஒட்டிக்கொண்டு காயில் எரிந்தது. அதற்கு மாமா அவள் தலையைப் பெட்டி விளிம்பில் மோதினார். நெற்றியில் போட்ட தையலைப் பிரிக்கும் முன்பே திரும்பி வந்து, எரிந்த காயிலை மாற்றி, முனைகளுக்கு நடுவே வெறும் காகித அட்டையை விட்டு இழுத்துத் துடைத்தாள். குண்டு ஓடியது.

"அட்டையே போதும்டி. நான்தான் முரட்டுத்தனமா தேய்ச்சிட்டேன்" என்று சிரித்தாள். சிரித்ததில் தையல் இழுத்து முகம் சுளித்தாள்.

ஒரு பெட்டிக்குள் வெற்று வளையம் ஒன்று இருந்தது. அதன் நடுவே ஓர் எடை தொங்க வேண்டும். பெட்டியை உலுக்கினால் எடை வளையத்தில் படும், விளக்கு அணையும், ஆட்டம் போய்விடும். அந்த எடையை மாமா எப்போதோ பிடுங்கி எறிந்திருந்தார். அக்கா தூண்டில் ஈயக்குண்டைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டாள்.

"தெரிஞ்சா கொன்னுடுவாருக்கா."

"இது இல்லாட்டி பெட்டி செத்துடும். நான் பொழைக்க வச்சத இனிமே யாரும் ஒடைக்க விடமாட்டேன்."

அன்று மதியம் மாமா கூட்டாளிகள் முன்னால் ஆடினார். ஒரே இடி. விளக்கெல்லாம் அணைந்தது.

"என்ன சாம்பியன், பெட்டிக்கே உன் மூஞ்சி பிடிக்கல போல!"

கூட்டாளி ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மாமா கண்ணாடியை உருவித் தரையில் அடித்தார். சில்லு என் காலைக் கிழித்தது. இடது கையால் பலகையைத் தூக்கிப் பிடித்து, ஈயக்குண்டைப் பிடுங்க வலது கையை உள்ளே விட்டார். பலகையைத் தூக்கினால் அதைத் தாங்கும் முட்டுக்கம்பியை அதற்கான பள்ளத்தில் நிறுத்திவிட்டுத்தான் கையை விட வேண்டும்.

"கம்பிய நிறுத்துங்க! மொதல்ல கம்பி!" அக்கா கத்தினாள்.

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

பலகையைப் பிடித்திருந்த கையை எடுத்து அவளை அறைந்தார். பலகை விழுந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

அவர் அலறினார். மூக்கில் ரத்தம் ஒழுக, அக்கா பலகையைத் தூக்கினாள், கம்பியை நிறுத்தினாள், பிறகுதான் அவர் கையை வெளியே எடுத்தாள்.

நசுங்கியது வலது கை. அடித்த கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது அக்கா அவரை விட்டு வந்து, எங்கள் வீட்டு முன்னறையில்தான் பெட்டிகளைச் சரிசெய்யும் வேலை செய்கிறாள். ஆனால் அவள்தான் வேண்டுமென்றே பலகையைப் போட்டாள் என்று மாமாவின் அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். புருஷன் கையை நசுக்கியவளிடம் பெட்டியைக் கொடுப்பதா என்று வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள். கூட்டாளிகள் வாய் திறப்பதில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பலகையை விட்டது யார் கை என்று நீங்களாவது இன்னொருவருக்குச் சொல்லுங்கள். எதற்காக விட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.